விரலில் பல் பட்டால்: பார்ப்பது, கழுவுவது, எழுதி வைப்பது

இரண்டே இரண்டு புள்ளிகள். ஆள்காட்டி விரலின் உள்பக்கம், நடு மடிப்புக்குச் சற்றுக் கீழே, ஊசி குத்தினாற்போல இருந்தன. முந்தின நாள் சாயங்காலம் வளர்ப்புப் பூனைக்கு மருந்து புகட்டும்போது பட்டது என்றார் அந்த அம்மா. ரத்தம்கூடச் சரியாக வரவில்லையாம், துடைத்துவிட்டுப் படுத்துவிட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு விண் விண்ணென்று தெறித்ததில் விழித்திருக்கிறார். என் முன்னால் கையை நீட்டியபோது அந்த விரல் மட்டும் மற்றவற்றோடு சேராமல் பாதி மடங்கி, வீங்கிப் பளபளவென்று நின்றது. நுனியைப் பிடித்து மெல்ல நிமிர்த்திப் பார்த்தேன். நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அன்று மத்தியானமே அவருக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

அவசரப் பிரிவின் டிரெஸ்ஸிங் அறையில் 23 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். பெரிய காயங்களைப் பார்த்துப் பதறும் காலம் எப்போதோ போய்விட்டது. விரலில் பட்ட கடி என்றால் மட்டும் இன்றைக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டு, விளக்கைத் தாழ்த்தி, நிதானமாகப் பார்ப்பேன். தொடையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பல் இறங்கினாலும் அங்கே இருப்பது கொழுப்பும் சதையும்தான். விரலில் நாலைந்து மில்லிமீட்டர் இறங்கினாலே தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்), மூட்டு, எலும்பு எல்லாம் வந்துவிடும். மேலே தெரியும் கடிவாயை வைத்து உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று சொல்லவே முடியாது.

விரலை மடக்கும் தசைநாண் ஒரு வழவழப்பான உறைக்குள் ஓடுகிறது. குழாய்க்குள் கயிறு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய்க்குள் ரத்த ஓட்டம் குறைவு. கிருமி நுழைந்துவிட்டால் எதிர்த்து நிற்க ஆளில்லை, நீளவாக்கில் ஓடிவிடும். கட்டை விரல், சுண்டு விரல் இரண்டின் உறைகளும் உள்ளங்கை தாண்டி மணிக்கட்டு வரை போகும். பலருக்கு அந்த இரண்டும் மணிக்கட்டில் ஒன்றோடொன்று கலந்திருக்கும். அதனால்தான் சுண்டு விரலில் பட்ட கடிக்குக் கட்டை விரலும் வீங்கி வருகிறவர்கள் உண்டு.

முதல் கால் மணி நேரம்

முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள். கழுவுவதற்கும் முன்னால். கடித்த விரலில் இல்லாவிட்டாலும், அந்தக் கையில் இருக்கும் எல்லா மோதிரமும் வளையலும் வெளியே வந்துவிட வேண்டும். அரை மணியில் விரல் வீங்கிவிட்டால் அந்த மோதிரமே விரலை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சோப்பு நுரை போட்டுச் சுழற்றிச் சுழற்றி இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

அப்புறம் குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். மனக்கணக்கில் கழுவுகிறவர்கள் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். வெறிநோய் (ரேபிஸ்) கிருமி சோப்புக்குத் தாங்காது. உலக சுகாதார நிறுவனம் 15 நிமிடம் என்று வலியுறுத்துவது அதற்காகத்தான். கடிவாயின் இரு ஓரத்தையும் மற்ற கை விரலால் லேசாக விலக்கி, தண்ணீர் உள்ளே போய் வர விடுங்கள். பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டாம், பிதுக்க வேண்டாம், வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம். கழுவி முடித்த பிறகு போவிடோன் அயோடின் இருந்தால் ஊற்றலாம். பொடி, எண்ணெய், பசை என்று வேறு எதையும் வைக்காதீர்கள். அதையெல்லாம் கிளறி எடுப்பதற்குள் கடி பட்டவர் படும் பாட்டை நான் தினமும் பார்க்கிறேன்.

ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். விரலைச் சுற்றிக் கயிறோ ரப்பரோ கட்டக் கூடாது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்தபடியே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். விரல் நுனி துண்டாகிப் போயிருந்தால் அந்தத் துண்டை ஈரமான காஸ் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்துக் கொண்டுவாருங்கள். துண்டின் மேல் ஐஸ் நேராகப் படக் கூடாது.

யாருடைய பல்?

பூனையின் பல் மெல்லிசு, நீளம், கூர்மை. உள்ளே ஆழமாகக் கிருமியை வைத்துவிட்டு வெளியே வந்துவிடும், மேல்தோல் மூடிக்கொள்ளும். மருத்துவமனைக்கு வரும் பூனைக்கடிகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை சீழ் வைக்கும் என்பது மருத்துவ நூல்களில் உள்ள கணக்கு. நாய்க்கடியில் இது மிகவும் குறைவு. பூனை வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற கிருமி ஒரு நாளுக்குள், சில சமயம் 12 மணி நேரத்திலேயே, விரலைச் சிவக்க வைத்துவிடும். ஆகவே ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது பூனைக்கடிக்குப் பொருந்தாது.

நாயின் தாடை நசுக்கும், கிழிக்கும். அதனால் எலும்பு முறிவை நினைவில் வைத்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மண்ணீரல் எடுக்கப்பட்டவர்களும், கல்லீரல் கெட்டவர்களும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் நாய் நக்கிய புண்ணைக்கூட அலட்சியம் செய்யக் கூடாது. நாயின் எச்சிலில் உள்ள ஒரு கிருமி அவர்கள் ரத்தத்தில் கலந்து சில நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். எலி கடித்தால் புண் ஆறிய பிறகும் காய்ச்சலைக் கவனியுங்கள். ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல், மூட்டு வலி, கை கால்களில் தடிப்பு என்று வந்தால், எலி கடித்த கதையை மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். குரங்குக் கடிக்கு வெறிநோய் பயத்தோடு ஹெர்பெஸ் பி என்ற வைரஸின் பயமும் உண்டு. வௌவால் பல் பட்ட இடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. வௌவாலைக் கையால் தொட்டிருந்தாலே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது மனிதப் பல். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம்.

ஓர் இளைஞர் வந்தார். வலது கை, நடுவிரல் முட்டிக்கு மேல் 4 மில்லிமீட்டர் வெட்டு. இரும்புக் கதவில் கிழித்துக்கொண்டதாகச் சொன்னார். விரல்களை நீட்டி மேசைமேல் வைத்திருந்தார். காயத்தின் அடி சுத்தமாகத் தெரிந்தது, ஒரு தையல் போதும் போல இருந்தது. ‘கையை மூடுங்கள், முஷ்டி பிடியுங்கள்’ என்றேன். முட்டி மேலே எழும்பியது. அந்தச் சின்ன வாய்க்குள் வெள்ளை நாடா ஒன்று மெதுவாக நகர்ந்து வந்தது. நாடாவின் ஓரத்தில் ஒரு கீறல். தசைநாண் அறுபட்டிருந்தது, அதற்குக் கீழே மூட்டு. கதவா, பல்லா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

ஒருவர் வாயில் குத்தும்போது கை மூடியிருக்கிறது. பல் தோலைத் துளைத்து, தசைநாணைத் துளைத்து, மூட்டுக்குள் போகிறது. குத்திய கை விரிந்ததும் ஒவ்வொரு அடுக்கும் வெவ்வேறு தூரம் நகர்ந்துவிடுகிறது. துளைகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் போக, எச்சில் உள்ளே மாட்டிக்கொள்கிறது. நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் முட்டிகளுக்கு மேல் சிறு வெட்டோடு யார் வந்தாலும், எந்தக் கதை சொன்னாலும், பல் பட்ட காயம் என்றே வைத்துக்கொண்டு பாருங்கள். குத்திய விதத்திலேயே முஷ்டி பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பல் துண்டு உள்ளே ஒடிந்திருக்கிறதா, எலும்பில் விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே சொல்லும். காயம் பட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நாங்கள் கேட்பது உங்களைக் குற்றம் சொல்ல அல்ல. மூட்டுக்குள் சீழ் கட்டினால் அந்த முட்டி வாழ்நாள் முழுக்க மடங்காமல் போகலாம்.

விரலை ஆட்டிப் பார்ப்பது

மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே உணர்ச்சியைச் சோதித்துவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு எதையும் கண்டுபிடிக்க முடியாது. விரலின் இரு பக்கமும் தனித்தனி நரம்பு ஓடுகிறது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகத் தொட்டுக் கேளுங்கள். காகிதக் கிளிப் ஒன்றை விரித்து, இரு முனைகளையும் 6 மில்லிமீட்டர் இடைவெளியில் விரல் நுனியின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் வையுங்கள். ‘ஒன்றா, இரண்டா’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லட்டும். இரண்டு என்று தெரிய வேண்டும். நல்ல விரலில் முதலில் செய்து காட்டினால் புரிந்துகொள்வார்கள். சொல்லத் தெரியாத குழந்தை என்றால், கையை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் விரல் நுனித் தோல் சுருங்கும். நரம்பு அறுந்த நுனி சுருங்காமல் வழவழவென்றே இருக்கும்.

நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும்.

மடக்குவதற்கு இரண்டு தசைநாண்கள், அதனால் இரண்டு சோதனைகள். நடுக் கணுவை அசையாமல் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். அது ஆழத்தில் இருக்கும் நாண். அடுத்து, மற்ற விரல்களை எல்லாம் நேராக அழுத்திப் பிடித்துக்கொண்டு, இந்த விரலை நடுக் கணுவில் மடக்கச் சொல்லுங்கள். அது மேலே இருக்கும் நாண். பிறகு விரலை நிமிர்த்தச் சொல்லி, உங்கள் விரலால் எதிர்த்து அழுத்துங்கள். பாதி அறுந்த நாணும் வேலை செய்யும், ஆனால் எதிர்த்து அழுத்தினால் வலிக்கும். அந்த வலியை விட்டுவிடாதீர்கள்.

ஒரு நாள் கழித்து வருகிறவர்களிடம் நான்கு அடையாளங்களைத் தேடுங்கள். கனவேல் என்ற அமெரிக்க அறுவை நிபுணரின் பெயரில் இவை வழங்குகின்றன. விரல் தானாகவே கொஞ்சம் மடங்கி நிற்பது ஒன்று. ஒரு இடத்தில் மட்டும் இல்லாமல் விரல் முழுவதும் உருண்டையாக வீங்கியிருப்பது இன்னொன்று. உள்பக்கத்தில் நாண் ஓடும் வழி நெடுக, உள்ளங்கை வரைக்கும் தொட்டால் வலிப்பது மூன்றாவது. நான்காவது, நாமாக நுனியைப் பிடித்து நிமிர்த்தினால் உயிர் போகிற மாதிரி வலிப்பது. பெரும்பாலும் இதுதான் முதலில் வரும். நான்கும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒன்றே ஒன்று இருந்தாலும் கை அறுவை நிபுணரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

சிகிச்சையில் எங்கே தவறுகிறது

விரல் கடியைப் பொதுவாகத் தைப்பதில்லை. திறந்தபடி விட்டு, தளர்வாகக் கட்டி, கையைத் தூக்கிவைத்து, ஓய்வு கொடுக்கிறோம். ‘ஏன் தையல் போடவில்லை’ என்று கோபித்துக்கொள்கிறவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: மூடினால் கிருமியை உள்ளே வைத்துத் தைத்தது போலாகும்.

கையில் ஆழமாகப் பட்ட கடி, பூனைக்கடி, மனிதக்கடி, மூட்டுக்குப் பக்கத்தில் பட்டது, சர்க்கரை நோயாளிக்குப் பட்டது, இவற்றுக்கெல்லாம் சீழ் வரும் முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வழக்கம், பெரும்பாலும் 3 முதல் 5 நாள். முதலில் தேர்ந்தெடுப்பது அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மாத்திரை. வீட்டில் மிச்சமிருக்கும் செஃபலெக்சினையோ எரித்ரோமைசினையோ போட்டுக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. பாஸ்டுரெல்லாவுக்கு அவை சரியாகக் கேட்பதில்லை. மனித வாயில் இருக்கும் ஐகனெல்லா என்ற கிருமிக்குக் கிளிண்டமைசின் கேட்காது. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மருத்துவர் வேறு மருந்து எழுதுவார்.

டெட்டனஸ் ஊசி முழுத் தவணையும் போட்டவராக இருந்தாலும், கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் இன்னொன்று வேண்டும்.

வெறிநோய் விஷயத்தில் பேரம் பேசக் கூடாது. அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. விரல் நுனியில் நரம்புகள் அடர்த்தி, அதனால் ஆபத்தும் கூடுதல். தோலைத் துளைத்த கடி உலக சுகாதார நிறுவனத்தின் மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசியோடு, எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினையும் கடிவாயிலேயே போட வேண்டும். விரலில் இடம் குறைவு. மெதுவாக, உள்ளே எவ்வளவு ஏறுமோ அவ்வளவுதான் ஏற்ற வேண்டும். நுனி வெளுத்தால் நிறுத்திவிட வேண்டும். நாயோ பூனையோ கண்ணெதிரே இருந்தால் 10 நாள் கவனிக்கலாம், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் நாளே தொடங்கி, பத்தாம் நாளும் விலங்கு நலமாக இருந்தால் நிறுத்துவதை மருத்துவர் முடிவு செய்வார். கடித்து ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று வராமல் இருப்பவர்களும் வர வேண்டும், தாமதமானாலும் தொடங்கலாம். முன்பே முழுத் தவணை போட்டவர் என்றால் அந்த அட்டையைக் கொண்டுவாருங்கள், இரண்டு ஊசியோடு முடிந்துவிடலாம்.

மனிதக்கடி தோலைத் துளைத்திருந்தால் மஞ்சள் காமாலை பி பற்றியும் எச்.ஐ.வி. பற்றியும் பேச வேண்டும். எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனால் கடித்தவர் வாயில் ரத்தம் இருந்திருந்தால், தடுப்பு மாத்திரை தேவையா என்ற முடிவை 72 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும்.

எழுதி வைப்பது

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் அதிகம் சண்டை போடுவது இதற்காகத்தான். ‘நாய்க்கடி, விரல், டிரெஸ்ஸிங் செய்யப்பட்டது’ என்று நான்கு வார்த்தை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். மறுநாள் பார்க்கும் மருத்துவருக்கு நேற்று அந்த விரல் மடங்கியதா இல்லையா என்று தெரியாது. மடங்கிய விரல் இன்று மடங்கவில்லை என்றால் அது ஒரு செய்தி; நேற்றே மடங்கவில்லை என்றால் அது வேறு செய்தி.

விரலுக்கு எண் போடாதீர்கள். ‘இரண்டாம் விரல்’ என்றால் ஒருவருக்கு ஆள்காட்டி, இன்னொருவருக்கு நடுவிரல். பெயரை எழுதுங்கள். எந்தக் கை, அது அவர் எழுதும் கையா, உள்பக்கமா புறப்பக்கமா, எந்தக் கணுவுக்கு அருகில், நீளம் எத்தனை மில்லிமீட்டர், ஆழம் தெரிகிறதா, எத்தனை துளை. ஒரு பல் மேலே பட்டிருந்தால் எதிர்ப்பல் கீழே பட்டிருக்கும். விரலைத் திருப்பிப் பார்த்து இரண்டையும் எழுதுங்கள். கடித்த நேரமும் நீங்கள் பார்த்த நேரமும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

நான் எழுதுவது இப்படி இருக்கும்:

‘காலை 9.40. நேற்றிரவு சுமார் 10 மணிக்கு நாய் கடித்ததாகச் சொல்கிறார். தெரிந்தவர் வளர்க்கும் நாய், ஊசி போட்ட விவரம் தெரியாது, நாய் கட்டிவைக்கப்பட்டுள்ளது. சாப்பிடும்போது தொட்டதால் கடித்ததாம். இரவு தண்ணீரில் மட்டும் கழுவியுள்ளார். வலது கை, எழுதும் கை. மோதிர விரல், புறப்பக்கம், நடுக் கணுவுக்கு 8 மி.மீ. மேலே, 6 மி.மீ. கிழிசல். உள்பக்கம் அதே மட்டத்தில் 2 மி.மீ. துளை ஒன்று. நுனி மடங்குகிறது, நடுக் கணு மடங்குகிறது, எதிர்த்து நிமிர்த்தும்போது வலி. சுண்டு விரல் பக்க உணர்ச்சி குறைவு, மறுபக்கம் சரி. நகத்தில் ரத்தம் 2 நொடிக்குள் திரும்புகிறது. சிவப்பு எல்லை பேனாவால் குறிக்கப்பட்டது. மரத்துப்போகும் ஊசிக்கு முன் சோதிக்கப்பட்டது.’

இதற்கு மூன்று நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

இல்லாததையும் எழுதுங்கள். ‘நாண் வழி நெடுக வலி இல்லை, அக்குளில் நெறி கட்டவில்லை, காய்ச்சல் இல்லை.’ எழுதாமல் விட்டால், பார்த்தீர்களா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது.

படம் எடுக்கிறீர்கள் என்றால் சம்மதம் கேட்டு எடுங்கள். முதலில் முழுக் கை, பிறகு விரல் மட்டும், பிறகு காயத்துக்குப் பக்கத்தில் அதே மட்டத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. கேமரா நேர் மேலே இருக்க வேண்டும், சாய்த்துப் பிடித்தால் அளவு பொய்யாகும். கழுவுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று.

ஒருவர் இன்னொருவரைத் தாக்கிக் கடித்தார் என்றால் காயம் பட்டவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே மேற்கோளில் எழுதுங்கள். நீங்கள் பார்த்ததைத் தனியாக எழுதுங்கள். ‘கதவில் நசுங்கியது என்கிறார்’ என்பது ஒரு வரி. ‘எதிரெதிரே வளைவாக அமைந்த இரண்டு வரிசைத் தடங்கள்’ என்பது இன்னொரு வரி. முடிவை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. காவல் துறைக்குப் போகிற விஷயமாக இருந்து, பஞ்சுக் குச்சி கையருகே இருந்தால், கழுவும் முன் காயத்தைச் சுற்றியுள்ள தோலில் எச்சில் மாதிரி எடுத்துவைக்கலாம். குச்சியைத் தேடுவதற்காகக் கழுவுவதைத் தள்ளிவைக்காதீர்கள். குழந்தையின் கையில் பெரியவர் பல் வரிசை போலத் தெரிந்தால் கோரைப்பல் தடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் அது பெரியவர் வாயாக இருக்கலாம். மூத்த மருத்துவரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும். விரலில் முழு வளைவும் பதிய இடமில்லை என்பதால் கையின் மற்ற இடங்களையும் பாருங்கள்.

வீட்டில் இருக்கிறவர்களும் இதில் பாதியைச் செய்யலாம். ஒரு பேனா எடுத்துச் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். ஆறு மணி நேரம் கழித்துச் சிவப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால், அல்லது கையில் சிவப்புக் கோடு மேலே ஏறினால், விரல் நிமிர மறுத்தால், குளிர் காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

எல்லாம் நன்றாக இருந்தாலும் 24 மணி நேரத்தில் ஒரு முறை, 48 மணி நேரத்தில் இன்னொரு முறை வந்து காட்டச் சொல்லுங்கள். கட்டைப் பிரித்ததும் முதல் நாள் எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே வரிசையில், அதே விரலை, அதே மாதிரி மடக்கிப் பாருங்கள். நேற்றுப் போட்ட கோட்டுக்கு அருகில் இன்றைய மணியை எழுதுங்கள்.